பாறையில் ஒரு பாலைத் தோட்டம்

தொரப்பள்ளி, ஓசூர் வட்டாரப் பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ராஜஸ்தானின் ஜோத்பூர் நகரில், மெஹரான்கர் கோட்டையின் அடிவாரத்தில், 72 ஹெக்டேர் பரப்பில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 180. கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஆண்டு 1459. பூங்காவுக்கான வேலை தொடங்கியது 2006-இல். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2011-இல். கோட்டையைப் பராமரிக்கும் மெஹரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளையே பூங்காவையும் நடத்துகிறது. இங்கே புல்தரை கிடையாது, ஊஞ்சல் கிடையாது, வெளியூரிலிருந்து கொண்டுவந்து வைத்த பூச்செடிகளும் கிடையாது. தார்ப் பாலையின் பாறை நிலத்தில் இயற்கையாக வளரக்கூடிய மரமும் செடியும் கொடியும் புல்லும் மட்டுமே இங்கே வளர்க்கப்படுகின்றன. பாலைவன இயற்கைப் பூங்கா, தாவரவியல் தோட்டம் என்ற இரண்டும் ஒரே இடத்தில் அமைந்த இந்திய உதாரணங்களில் குடும்பத்தோடு போய்ப் பார்க்க இதைவிடத் தகுந்தது கிடைப்பது அரிது.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் பிள்ளைகளின் மனத்தில் எழுகின்றன. பாடநூல் படங்கள் அப்படி. தார்ப் பாலையில் மணல் உண்டு. சரளை நிலமும் உண்டு, உப்பளமும் உண்டு, வெறும் பாறையும் உண்டு. ஜோத்பூர் நகரம் நிற்பது இந்த வெறும் பாறையின் மேல். ரயோலைட் எனப்படும் அந்தச் செம்பழுப்புப் பாறை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகி உருவானது. அதன் மேல் பிற்காலத்தில் படிந்த மணற்கல்லைத்தான் ஜோத்பூர்க்காரர்கள் வெட்டி வீடும் அரண்மனையும் கட்டினார்கள். ரயோலைட்டை வெட்டுவது எளிதன்று. மண்ணும் அதில் அதிகம் தங்குவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 360 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாத வெயில் 40 பாகையைத் தாண்டுவது அங்கே வழக்கம். இத்தகைய நிலத்தில் என்ன வளரும் என்பதே பூங்கா பார்வையாளருக்குக் காட்டும் பாடம்.

பூங்காவுக்கு முன்னால் அங்கே வளர்ந்திருந்தது தமிழ்நாட்டுக்கு மிக நன்றாகத் தெரிந்த மரம்: சீமைக் கருவேலம். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த முள்மரம் 1870களின் இறுதியில் விறகுக்காக இந்தியாவுக்கு வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அதன் தொடக்ககாலத் தோட்டம் அமைந்தது. ஜோத்பூர்ச் சமஸ்தானத்தில் பாலையைப் பசுமையாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1930களில் மகாராஜா உமைத் சிங் காலத்தில் அதன் விதைகள் விமானத்திலிருந்து தூவப்பட்டன. ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்கு கிளையாகத் துளிர்த்தது. வேறு செடிகளுக்கு இடம் விடாமல் கோட்டைக் குன்று முழுவதையும் அது மூடிக்கொண்டது. இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்மாய்களுக்கு நேர்ந்த கதையும் இதுதான். அங்கே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அம்மரம் வாழ்வாதாரமாகவும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு அதை வெறும் எதிரியாகப் பேசுவது நியாயமாகாது. ஆனால் ஒரு நிலத்தின் சொந்தத் தாவரங்களை மீட்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் அம்மரம் போய்த்தான் ஆக வேண்டும்.

பூங்காவை உருவாக்கும் பொறுப்பு பிரதீப் கிருஷன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. திரைப்பட இயக்குநராக அறியப்பட்டு, பின்னர் மரங்களைப் படிப்பதில் தம்மை ஒப்புக்கொடுத்தவர் அவர். டெல்லி மரங்களைப் பற்றிய அவருடைய நூல் 2006-இல் வெளிவந்தது. பூங்கா வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவர் முன் இருந்த முதல் சிக்கல் சீமைக் கருவேலத்தின் வேர். மண்ணாக இருந்தால் பொக்லைன் வைத்துத் தோண்டிவிடலாம். இங்கே வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. தரைமட்டத்தில் வெட்டினால் பயனில்லை. ஓர் அடிக்கும் கீழே போய், துளிர்க்கும் பகுதியையே அகற்றினால்தான் மரம் சாகும். அதற்குப் பாறையை உடைக்க வேண்டும்.

விடை உள்ளூரிலேயே இருந்தது. ஜோத்பூர் மணற்கல் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாகக் கல்லுடைக்கும் கண்ட்வாலியாக்கள் வரவழைக்கப்பட்டார்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே, எங்கே வெடிப்பு ஓடுகிறது, எந்தப் பக்கம் உளி வைத்தால் கல் பிளக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சுத்தியலும் உளியும் மட்டுமே கருவிகள். ஒவ்வொரு மரமாக வேரைச் சுற்றிப் பாறையைக் கொத்தி, வேர்க்கட்டையைப் பெயர்த்தெடுத்தார்கள். பெயர்த்த இடத்தில் ஒரு குழி மிஞ்சியது. அந்தக் குழியே அடுத்த செடிக்கு இடமாயிற்று. இந்தப் பூங்காவின் வரலாற்றில் மிகப் பெரிய பங்கு இந்தக் கல்தொழிலாளர்களுக்கு உரியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல் குவாரிகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் ஓசூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெற்றோரின் கைத்திறனால் ஒரு காடு மீண்டது என்ற செய்தியை அந்தப் பிள்ளைகள் வகுப்பறையில் கேட்க வேண்டும்.

குழி கிடைத்தது, எதை நடுவது? நாற்றுப் பண்ணைகளில் கிடைப்பவை அலங்காரச் செடிகள். பாறையில் வாழும் பாலைச் செடிகளை யாரும் வளர்த்து விற்பதில்லை. எனவே தார்ப் பாலையின் பாறைப் பகுதிகளை நேரில் தேடிப் போய், எங்கே எது எந்தச் சரிவில் வளர்கிறது என்று பார்த்து, விதை சேகரித்து, பூங்காவிலேயே நாற்றங்கால் அமைத்தார்கள். உள்ளூர்ச் செடிகளுக்கான அந்த நாற்றங்கால் பூங்காவின் உயிர்நாடி. இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் வளர்கின்றன.

அவற்றில் முதலில் கண்ணில் படுவது தோர் எனப்படும் கள்ளி. ஆளுயரத்துக்கும் மேல் புதராக நிற்கும் இது, மழைக்காலத்தில் மட்டும் இலை விடும். மற்ற மாதங்களில் பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்யும். பகலில் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்வதால் இதன் நீர் இழப்பு மிகக் குறைவு. கள்ளி வேறு, அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி முதலான காக்டஸ் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு இங்கேதான் தெளிவாகக் காட்ட முடியும். தண்டில் கீறினால் பால் வடிவது கள்ளி. காக்டஸ் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலும் நீர்ச்சாறுதான் வரும்; முட்கள் ஒரு சிறு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு குடும்பங்கள், வறட்சி என்ற ஒரே நெருக்கடியால் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு பாடவேளை முழுதும் பேசத்தக்க செய்தி இது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், கீறிப் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகளிடம் விடலாகாது.

அடுத்தது கேர். ஆண்டின் பெரும்பகுதி இலையே இல்லாமல், பச்சைக் குச்சிகளின் பின்னலாக நிற்கும். சிவந்த பூ, சுண்டைக்காய் அளவில் காய். குமட்டியோ என்ற சிறுமரத்திலிருந்து வடிவதுதான் உலகச் சந்தையில் விற்கும் அரபுப் பிசின். கேர் காயும் குமட்டியோ விதையும் வன்னி மரத்தின் இளங்காயும் ஜோத்பூர் வட்டாரமான மார்வாட் வீடுகளின் புகழ்பெற்ற பஞ்ச்கூட்டாக் கறியில் சேரும் முக்கியப் பொருள்கள். மழையில்லாத காலத்துக்கென்று உலர்த்தி வைத்துக்கொண்ட உணவு அது. இன்று விலை உயர்ந்த பண்டமாகிவிட்டது. ஜோத்பூர் போகும் குடும்பம் காலையில் செடியைப் பார்த்துவிட்டு மதியம் அதே காயைச் சாப்பாட்டில் பார்த்தால், பிள்ளைகளுக்கு அந்தத் தாவரப் பெயர்கள் மறக்காது.

வன்னியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அதன் பெயர் கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரம். தமிழ்நாட்டிலும் அது விருத்தாசலம் கோயிலின் தல மரம். விஜயதசமியன்று வணங்கப்படும் மரம். வேர் மிக ஆழம் போவதால் கடுங்கோடையிலும் தளிர்க்கும். அதன் நிழலில் கம்பு விளையும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கேஜ்ரலி கிராமத்தில் 1730-ஆம் ஆண்டு, அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார். அவரைத் தொடர்ந்து, மொத்தம் 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் கொடுத்ததாக அந்தச் சமூகம் நினைவுகூர்கிறது. வன்னியும் சீமைக் கருவேலமும் தாவரவியலில் நெருங்கிய உறவினர்கள். ஒன்றுக்காக மக்கள் உயிர் கொடுத்தார்கள், மற்றொன்றை உளி கொண்டு பெயர்க்க வேண்டியதாயிற்று. எந்த மரமாயினும் நட்டுவிட்டால் போதும் என்று நினைக்கும் மரம்நடு விழாக்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பூங்காவின் நுழைவாயில் பழைய நகர மதிலின் சிங்கோரியா போல் என்ற வாசல் கட்டடம். அங்கே பாறை, செடி, உயிரினம் பற்றிய விளக்கக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து வெவ்வேறு நிறக்குறி இட்ட நடைபாதைகள் பிரிகின்றன. ஒன்று, மழைநீரைக் கோட்டை அடிவார ஏரிகளுக்குக் கொண்டுசெல்லப் பாறையை வெட்டி அமைத்த பழைய கால்வாயின் வழியே இறங்குகிறது. இரு பக்கமும் எழும் பாறைச் சுவரில் எரிமலைப் படிவத்தின் அமைப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது இந்தப் பாதையாகத்தான் இருக்கும். மற்றொன்று தேவ்குண்ட் ஏரியின் பக்கம் போகிறது, நீர்ப்பறவைகள் பார்க்கலாம். 1899-இல் கட்டப்பட்ட ஜஸ்வந்த் தடா என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபம் அந்த ஏரிக்கு மேலே நிற்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாப் பாதைகளையும் முடிக்க ஆசைப்பட வேண்டாம். ஒரே பாதையில் மெதுவாக நடப்பதே பலன் தரும். வழிகாட்டியோடு நடந்தால், சும்மா தாண்டிப் போயிருக்கும் பத்துச் செடிகள் கண்ணுக்குத் தெரியும்.

எப்போது போவது என்பதில்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தவறுகின்றன. பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அந்த மாதங்களில் ஜோத்பூர்ப் பாறையின் மேல் பிள்ளைகளை நடக்கவைப்பது கொடுமை. அரையாண்டு விடுமுறையில் குளிர் இதமாக இருக்கும். ஆனால் பல செடிகள் இலை உதிர்த்திருக்கும். செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையே பொருத்தமானது. மழை அப்போதுதான் முடிந்திருக்கும். கள்ளியில் இலை இருக்கும். சில வாரங்களே வாழ்ந்து பூத்து விதைத்து மடியும் சிறு செடிகளும் புற்களும் பாறை இடுக்கெங்கும் நிற்கும். வெயில் ஏறும் முன் காலையில் தொடங்கிவிட வேண்டும். தொப்பி, மூடிய காலணி, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில் கட்டாயம். விதையோ கல்லோ எடுத்துவரக் கூடாது. பெங்களூரிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். ஷிப்ட் முறையில் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெற்றோருக்குப் போக வர நான்கு நாள் பெரிய விடுப்புதான். அதனால் அதே பயணத்தில் 1959-இல் நிறுவப்பட்ட மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தையும், கைலானா ஏரிக்கு அருகில் பாலை விலங்குகளைக் காட்டும் மாச்சியா உயிரியல் பூங்காவையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜெய்ப்பூர் வழியாகப் போகிறவர்கள் மணல்மேட்டில் இதே முறையில் அமைந்த கிஷன் பாக்கையும் பார்க்கலாம்.

உலகில் இத்தகைய பூங்காக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்துப் பாலைத் தாவரத் தோட்டம் 1939-இல் திறக்கப்பட்டது. 1952-இல் டூசானில் தொடங்கிய அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் விலங்கு, செடி, பாறை மூன்றையும் ஒரே திறந்தவெளியில் வைத்துக் காட்டும் முறையை உலகுக்கு அறிமுகம் செய்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஷார்ஜாவின் பாலைவனப் பூங்காவை அறிவார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் ஜோத்பூர்ப் பூங்கா இளையது. ஆனால் பாழ்பட்ட நிலத்தைக் கையால் மீட்டுக் காட்டியதில் அதற்கு ஈடாக அதிகம் சொல்ல முடியாது.

ஜோத்பூர் வரை போக முடியாதவர்களுக்குப் பெங்களூரின் லால்பாக் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய, 240 ஏக்கர் கொண்ட தாவரவியல் தோட்டம். பெரும்பாலான குடும்பங்கள் 1889-இல் எழுந்த கண்ணாடி மாளிகையையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையைச் சும்மா ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையானது. ஜோத்பூர்க் கோட்டைக் குன்றைப் போலவே அதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையால் அறிவிக்கப்பட்டது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கரடுகளும் இதே தொல்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. இங்கே மழை ஜோத்பூரைப்போல் இரு மடங்கு பெய்கிறது. பாறை இடுக்கில் சதுரக்கள்ளி, ஆவாரை, விராலி, உசிலை, சூரை, பிரண்டை, கிளுவை எல்லாம் தாமாகவே நிற்கின்றன. யாரும் நடவில்லை, நீர் ஊற்றவில்லை. ஆனால் அரசு ஆவணங்களில் பாறை நிலமும் புதர் நிலமும் தரிசு என்ற வகையில் சேர்கின்றன. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பே அவற்றை அப்படித்தான் வகைப்படுத்துகிறது. தரிசு என்று எழுதிவிட்ட நிலம் குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் தொழிற்சாலை விரிவாக்கத்துக்கும் எளிதாகப் போய்விடுகிறது. தொழிற்சாலைகள் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகின்றன. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. எல்லாக் கரடும் அவற்றுக்குப் போக வேண்டுமா என்பதே கேள்வி.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி இதற்கு ஒரு விடை தந்திருக்கிறது. குவாரியை எதிர்த்து நின்ற அந்த ஊரின் குன்றுகள் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 190 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, பெரும்பகுதி பாறை. அதற்கான சட்டம் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். அதன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் செடி, மரம், உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறிய கரட்டைத் தரிசு என்று சொல்லிக் கைமாற்றுவது அவ்வளவு எளிதன்று.

இம்மடலின் வேண்டுகோள் இதுதான். பள்ளிகள் அருகிலுள்ள ஒரு கரட்டைத் தேர்ந்தெடுத்து, மாணவர்களோடு மழைக்குப் பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் நடந்து, அங்குள்ள செடிகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்களோடு எழுதி வைக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் மூன்று மொழியிலும் பெயர் சொல்லப் பாட்டிமார் இருக்கிறார்கள். சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் நுழைந்த இடங்களில் ஊரார் சேர்ந்து வேரோடு எடுக்க வேண்டும். பிறகு, காலாண்டு விடுமுறையை ஒட்டி அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில், அந்தக் கரட்டைப் பதிவேட்டில் ஏற்றி, குவாரிக்குக் கொடுக்காமல் பிள்ளைகளுக்கென்று விட்டுவைக்கும்படி பெற்றோர் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.